விமர்சனத்துக்கு மிரட்டல் வந்தால் வீடியோவை நீக்கலாமா?

கேள்வி: யூடியூபில் திரைப்பட விமர்சனம் செய்கிறேன். ஒரு பெரிய நடிகரின் படம் சரியில்லை என்று சொன்னதிலிருந்து ஆபாச வசவும் மிரட்டலும் குவிகின்றன. 'நாங்க பார்த்துத்தானே நீ வளர்ந்தே, மன்னிப்புக் கேள்' என்கிறார்கள் பழைய பார்வையாளர்களும். வீடியோவை எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்காதீர்கள். தகவல் பிழை இருந்தால் வெளிப்படையாகத் திருத்துங்கள். கருத்துக்காக நீக்கினால், மிரட்டினால் காரியம் நடக்கும் என்று ஆகிவிடும். அடுத்த படத்துக்கும் வருவார்கள்.

பழைய பார்வையாளர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. படத்தை முழுதாகப் பார்த்துவிட்டுப் பேசவேண்டும், காரணம் சொல்லவேண்டும், காசு வாங்கியிருந்தால் அதையும் சொல்லவேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கலாம். தங்களுக்குப் பிடித்தது உங்களுக்கும் பிடித்தாக வேண்டும் என்று கேட்க அவர்களுக்கு உரிமை கிடையாது.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. 2012இல் 'தி டார்க் நைட் ரைசஸ்' என்ற பேட்மேன் படம் வெளியாவதற்கு முன்பே, அதைக் குறை சொன்ன விமர்சகர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளம், அந்தப் படத்தின் விமர்சனங்களுக்கு வாசகர்கள் கருத்திடுவதையே நிறுத்தியது. திட்டியவர்களில் பெரும்பாலோர் படத்தைப் பார்த்திருக்கவே முடியாது. அந்தத் தளம் ஒவ்வொரு படத்துக்கும் காட்டும் சதவீதம், எத்தனை பங்கு விமர்சகர்கள் சாதகமாக எழுதினார்கள் என்ற கணக்கு. நூறு சதவீதத்தை முதலில் குறைப்பவர் தனியாகத் தெரிவார், அவர்மேல் பாய்வார்கள். ரசிகச் சண்டை எண்ணுக்காக நடக்கும்போது, உங்கள் வாதம் எவ்வளவு நயமாக இருந்தாலும் எடுபடாது. அதனால் திட்டுபவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

செய்ய வேண்டியதில் முதலாவது, எதையும் அழிப்பதற்கு முன் ஆதாரம் சேர்ப்பது. கணக்கின் பெயர், இணைப்பு, தேதி மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் யூடியூப் அமைப்புகளில், தடுக்கும் சொற்களின் பட்டியலில் வசைச் சொற்களைச் சேருங்கள். தமிழ் எழுத்தில் மட்டும் போதாது, ஆங்கில எழுத்தில் எழுதும் எல்லா வடிவங்களையும் போடவேண்டும். அவை உள்ள கருத்துகள் உங்கள் பார்வைக்காக நிறுத்தி வைக்கப்படும். திரும்பத் திரும்ப வருபவரைச் சேனலிலிருந்து மறைத்துவிடுங்கள்.

கொலை, பாலியல் மிரட்டல் வந்தாலோ, முகவரியோ போன் எண்ணோ வெளியிடப்பட்டாலோ அது விமர்சன எல்லையைத் தாண்டிய குற்றம். அன்றைக்கே யூடியூபுக்கும் காவல்துறைக்கும் புகார் கொடுங்கள், வீட்டாரிடமும் சொல்லுங்கள். வரும் கருத்துகளைச் சில நாள் நம்பிக்கையான நண்பர் ஒருவர் படித்துப் பிரிக்கட்டும். திரைக்கதையைப் பற்றி உங்களோடு மாறுபட்டு வாதிட்டவர்கள் அதில் இருப்பார்கள். நீங்கள் பதில் எழுதவேண்டியது அவர்களுக்குத்தான்.