புது கோச் வந்தால் ஸ்டைல் மாறுமா?

அண்ணாச்சி, நாகர்கோவிலில் குத்துச்சண்டை பழகும் உங்கள் 17 வயது மகன் உயரமானவன், பின்னால் நகர்ந்து ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேரே விடும் குத்து) போட்டே ஜெயித்தவன். புது கோச் உள்ளே புகுந்து அடிக்கச் சொல்கிறார், போட்டிக்கு எட்டு வாரம்தான், மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறும், கொஞ்சம். ஹெவிவெயிட் வீரர் டைசன் ஃபியூரி 2018-இல் டியாண்டே வைல்டரிடம் நழுவி ஆடி டிரா செய்தார். கோச் சுகர்ஹில் ஸ்டீவர்டிடம் போய் ஏறக்குறைய இரண்டே மாதத்தில், 2020 பிப்ரவரியில், முன்னேறி அடித்து அதே வைல்டரை 7-ஆம் ரவுண்டில் முடித்தார். ஆனால் அந்த ஜாபும் உயரமும் அவரிடம் முன்பே இருந்தவை.

உங்கள் பையனுக்குச் சிக்கல் காலில்தான் வரும். பின்னங்காலில் எடை வைத்துப் பழகியவன் முன்னே பாயும்போது இரண்டு பாதமும் ஒட்டிக்கொள்ளும், தாடை தூக்கும், எதிராளியின் அப்பர்கட் (கீழிருந்து மேலே வரும் குத்து) நேரே ஏறும். முதல் மூன்று வாரம் இது மட்டும் போதும்: முன்னங்கால் முதலில், பின்னங்கால் அதே அளவு பின்தொடர, நடுவில் தோளகலம் குறையக் கூடாது. இரட்டை ஜாப் இல்லாமல் உள்ளே நுழையவே வேண்டாம். இரண்டு மூன்று குத்து, உடனே முன்னங்காலில் சுழன்று பக்கவாட்டில் விலகல்.

சொத்தவிளை கடற்கரை மணலில் ஓடட்டும், நல்லது. காலடிப் பயிற்சி அங்கே வேண்டாம். பாதம் புதைந்து சுழலாது.

ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) மூன்றாவது ரவுண்டை வீடியோ எடுங்கள். களைத்ததும் பழைய பழக்கம்தான் திரும்பும். ஐந்தாம் வாரமும் கால் பின்னினால், இந்தப் போட்டிக்குப் பழைய ஆட்டமே ஆடட்டும் என்று கோச்சிடம் தயங்காமல் பேசுங்கள்.