தப்பானால் யார் வீட்டில் ஒழுகும்?

வீட்டு வேலை: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: என் கணவருக்கு ஐ.டி. வேலை. முலுண்டில் எங்களுடையது ஒன் பிஹெச்கே வீடு. பாத்ரூமை முழுக்க உடைத்து, வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி, புது டைல்ஸ் ஒட்டி, கீஸரை எதிர்ச்சுவருக்கு மாற்றி, எல்லாவற்றையும் தானே செய்யப் போவதாகச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வீடியோவும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறார். இதற்கு முன் அவர் செய்த பெரிய வேலை, பால்கனியில் கொடிக்கயிறு கட்டியது. தடுக்கட்டுமா, விடட்டுமா அக்கா?
*வாசகி, முலுண்ட்*

பதில்: தடுக்காதீர்கள் அம்மா. வேலையைப் பிரித்துக் கொடுங்கள்.

என் அப்பா மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். வீட்டில் எந்த வேலையைத் தொட்டாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "இது தப்பானா யார் வீட்ல தெரியும்?" நம் வீட்டில் மட்டும் தெரியும் என்றால் தாராளமாகச் செய்து பார்க்கலாம். அலமாரி கோணலாகப் போனால் நமக்குத்தான் கோணல். கீழ்வீட்டு சீலிங்கில் தெரியும் என்றால், வேலை தெரிந்தவரைக் கூப்பிடு. மும்பையில் மாடிக்கு மேல் மாடியாக இருக்கிறோம். இந்தக் கேள்வியைக் கேட்காமல் இங்கே சுத்தியலைத் தூக்கக் கூடாது.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது நான்கு தனி வேலை. உடைப்பதைத்தான் எல்லோரும் சுலபம் என்று நினைக்கிறார்கள். பாத்ரூம் தரையில் பல கட்டடங்களில் ஸ்லாப் ஓர் அடி போலத் தாழ்ந்திருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் குழாய்களைப் போட்டு, மேலே செங்கல் ஜல்லியையும் சாந்தையும் நிரப்பியிருப்பார்கள். இங்கே மிஸ்திரிகள் அதை ப்ரிக்பேட் கோபா என்பார்கள். எவ்வளவு ஆழத்தில் குழாய் ஓடுகிறது என்று மேலிருந்து தெரியாது. பிரேக்கர் மெஷின் கொஞ்சம் ஆழமாக இறங்கினால் கழிவுக் குழாய் உடையும். அது உடைந்ததே சில மாதம் கழித்துக் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்போதுதான் நமக்குத் தெரியும். அதனால் தரை உடைப்பும் குழாயும் பிளம்பர் கையில் இருக்கட்டும். சுவர் டைல்ஸை உளி வைத்துப் பெயர்ப்பது அவர் செய்யட்டும். கண்ணாடியும் கையுறையும் கண்டிப்பாக வேண்டும். உடைந்த டைல் விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும்.

வாட்டர்ப்ரூஃபிங்கில் பூசுவது பெரிய வித்தை இல்லை. பாலிமர் கலந்த சிமென்ட் கோட்டிங்கை பிரஷ்ஷால் இரண்டு கோட் அடிக்க வேண்டும். முதல் கோட்டை நெடுக்காக அடித்தால் இரண்டாவதைக் குறுக்காக அடிக்க வேண்டும். சுவரில் ஓர் அடியாவது மேலே ஏற்ற வேண்டும், ஷவர் பக்கம் இன்னும் உயரமாக. ஆனால் தண்ணீர் பெரும்பாலும் தரை நடுவில் இறங்குவதில்லை. தண்ணீர் வெளியேறும் தரைத் துளையான நஹானி டிராப் குழாயோடு சேரும் இடத்திலும், சுவரும் தரையும் சேரும் மூலையிலும்தான் இறங்கும். கை பழகாதவர் கோட்டை விடுவதும் அந்த இரண்டு இடங்களில்தான். வேலை தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு செய்யட்டும். அப்புறம் நஹானியை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட வேண்டும். கீழ்வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, இரண்டு நாளும் போய் அவர்கள் சீலிங்கைப் பார்த்து வாருங்கள். இது முடியாமல் ஒரு டைல்கூட ஒட்டக் கூடாது. எந்த மிஸ்திரி அவசரப்படுத்தினாலும் சரி.

டைல்ஸ் ஒட்டுவதுதான் அவருக்கு உகந்த வேலை. பொறுமை இருந்தால் வந்துவிடும். விட்ரிஃபைட் டைல் என்றால் வெறும் சிமென்ட் பாலில் ஒட்ட வேண்டாம். அது 0.5 சதவீதத் தண்ணீரைக்கூட உறிஞ்சாது, அதனால் சிமென்ட் அதைப் பிடித்துக்கொள்ளாது. டைல் அட்ஹெசிவ் வாங்குங்கள். தோசை மாவைவிடக் கெட்டியாக, கரணையில் நிற்கிற பதத்தில், அரை மணிக்குள் தீர்கிற அளவு மட்டும் கலக்கச் சொல்லுங்கள். பல் வைத்த கரணையால் ஒரே திசையில் இழுத்து, டைலை வைத்து, ரப்பர் சுத்தியால் தட்ட வேண்டும். பொள்ளென்று சத்தம் கேட்டால் உடனே எடுத்து மறுபடி வைக்க வேண்டும். மறுநாள் எடுக்க வராது. சுவரில் அடி வரிசையை விட்டுவிட்டு இரண்டாவது வரிசையிலிருந்து ஆரம்பிக்கட்டும். மட்டம் பார்த்து ஒரு நேர்ப்பட்டையை அடித்து அதன்மேல் நிறுத்த வேண்டும். அடி வரிசையைக் கடைசியில் தரைக்கு ஏற்ப வெட்டிப் போட்டால் போதும். தரையில் நஹானியை நோக்கி மீட்டருக்கு 1 செ.மீ. சரிவாவது வேண்டும்.

கீஸரைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை. 2 கிலோவாட் கீஸர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 4 சதுர மி.மீ. ஒயர், எர்த், கரண்ட் அளவு மீறினால் தானே அணைகிற தனி எம்.சி.பி., கூடவே கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எல்லாம் வேண்டும். ஈரக் கையோடு நிற்கிற இடம் அது. பல்பு, ஃபேன், சுவிட்சு மாற்றுவதோடு நம் உரிமை சட்டப்படியும் முடிகிறது. புது லைன் இழுப்பது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை.

இதற்கெல்லாம் முன்னால் சொசைட்டி கமிட்டியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பல சொசைட்டிகளில் மதியம் கொஞ்ச நேரம் சத்தமே கூடாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, உங்கள் வீட்டில் பாத்ரூம் ஒன்றுதானே? சனி ஞாயிறு மட்டும் வேலை செய்தால் இது மாதக் கணக்கில் இழுக்கும். எங்கே குளிப்பீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டு ஆரம்பியுங்கள். மழை நிற்கிற அக்டோபருக்குப் பிறகு வைத்துக்கொண்டால் கோட்டிங்கும் நன்றாகக் காயும்.

கேள்வி: அந்தேரியில் வாடகை வீடு. சுவரில் துளை போட்டால் வெள்ளையாகப் பொடி கொட்டுகிறது, ஸ்க்ரூவைப் பிடிக்கிற பிளக் நிற்கவே இல்லை. ஷெல்ஃப் மாட்ட முடியுமா மேடம்?
*வாசகர், அந்தேரி*

பதில்: அது சிப்போரெக்ஸ் சுவர் தம்பி, உள்ளே காற்றறை வைத்த லேசான கல். டிரில்லில் ஹாமர் மோடை அணைத்துவிட்டு, சாதா சுற்றிலேயே துளை போடுங்கள். லேசான கல்லுக்கென்றே நீள நைலான் பிளக் விற்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். போட்டோ, கடிகாரம், மசாலா ஷெல்ஃப் எல்லாம் நிற்கும். டி.வி.யும் கனமான அலமாரியும் வேண்டாம். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு துளை போடுங்கள், டெபாசிட் உங்களுடையது.

கேள்வி: மாட்டுங்காவில் எங்கள் வீடு தாத்தா காலத்துக் கட்டடத்தில் இருக்கிறது. ரிட்டயர் ஆகிவிட்டேன், கையில் நேரம் இருக்கிறது. ஜன்னல், கதவு, சுவர் எல்லாவற்றையும் நானே சுரண்டி பெயின்ட் அடிக்கலாம் என்று ஆசை. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் உள்ள சுவரையும் எடுத்துவிட்டால் விசாலமாக இருக்கும் என்று மகன் சொல்கிறான்.
*வாசகர், மாட்டுங்கா*

பதில்: மகன் சொல்வதை முதலில் முடித்துவிடுகிறேன் சார். கூடாது. அந்தக் காலத்துக் கட்டடங்களில் சுவரே பாரம் தாங்கும். உங்கள் மேல்வீட்டுக்காரர் அந்தச் சுவரின் மேல்தான் குடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்துச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே பேச்சு. 30 ஆண்டு தாண்டிய கட்டடங்களுக்கு மும்பையில் ஸ்ட்ரக்சுரல் ஆடிட், அதாவது கட்டடத்தின் உறுதியைப் பார்க்கும் சோதனை, செய்ய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உங்கள் கட்டடத்தின் அறிக்கை செக்ரட்டரியிடம் இருக்கும், கேட்டுப் படியுங்கள்.

பெயின்ட் அடிப்பதை நீங்களே செய்யலாம். ஆனால் சுரண்டுவதுதான் எனக்குக் கவலை. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பெயின்டில், அதிலும் பழைய ஜன்னல் கதவுகளில் அடித்த ஆயில் பெயின்டில், ஈயம் நிறைய இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த சாண்ட்பேப்பரால் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பறக்கும். மெஷின் போட்டால் இன்னும் மோசம். தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் நனைய நனையத் தேயுங்கள். உரியாமல் கெட்டியாகப் பிடித்திருக்கும் பெயின்டைச் சுரண்டவே வேண்டாம், மேலே ப்ரைமர் அடித்துவிடுங்கள். பேரக் குழந்தைகள் இருந்தால் அந்த நாட்களில் வேறு வீட்டுக்கு அனுப்புங்கள், கர்ப்பிணிகள் இருந்தாலும் அப்படியே. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

சுவரில் ஈரம் பூத்திருந்தால் அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்குக் கொப்புளம் போட்டுவிடும். இந்த ஊரில் நான்கு மாதத்தில் 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. வெளிச்சுவர் விரிசலோ, மேலே உள்ள குழாயோ, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் புட்டி. வெளிச்சுவரில் நீங்கள் ஏற வேண்டாம். சாரம் கட்டுகிறவர்களுக்கு அது தொழில்.

கேள்வி: சுவர் முழுக்கப் புத்தக அலமாரி நானே செய்ய ஆசை. ரம்பம் பிடித்ததில்லை. பைத்தியக்காரத்தனமா?
*வாசகி, டோம்பிவிலி*

பதில்: இல்லவே இல்லை. இந்த வாரம் வந்த கடிதங்களில் என்னைச் சந்தோஷப்படுத்தியது இதுதான். தப்பானால் உங்கள் வீட்டோடு போகும், மரம் மறுபடி வாங்கலாம்.

ரம்பம் பிடிக்க வேண்டாம். 8-க்கு 4 அடி, 18 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட் 30 கிலோவுக்கு மேல் கனக்கும், பல வீடுகளின் லிஃப்டில் நுழையாது. கடையிலேயே மெஷினில் வெட்டித் தருவார்கள். எந்தத் துண்டு எந்த அளவு என்று கட்டம் போட்ட நோட்டில் ஒரு ஷீட்டை வரைந்து கொண்டு போங்கள். ஒவ்வொரு வெட்டிலும் ரம்பம் 3 மி.மீ. போலத் தின்னும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இந்த ஊர் ஈரத்துக்கு, கொதிநீரையும் தாங்குகிற பி.டபிள்யூ.ஆர். ரகம் கேளுங்கள், ஐ.எஸ். 303 முத்திரை பார்த்து. வெட்டிய விளிம்பையெல்லாம் பட்டை ஒட்டியோ வார்னிஷ் அடித்தோ மூடுங்கள், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும்.

ஒரு தட்டு இரண்டரை அடி அகலத்தைத் தாண்ட வேண்டாம். தடித்த புத்தகங்களை ஒரு மீட்டர் நீளத்துக்கு அடுக்கினால் 25 கிலோ சாதாரணமாக வந்துவிடும், நீளத் தட்டு வருடத்துக்குள் தொங்கிவிடும். முதுகுப் பக்கம் 6 மி.மீ. பிளைவுட் ஒன்றை முழுசாக அறைந்துவிடுங்கள். அது இல்லாத அலமாரி பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்க்ரூ போடுமுன் மெல்லிய பிட்டால் துளையிட்டால் பிளைவுட் பிளக்காது. கடைசியில் மேல்பக்கம் எல் கிளாம்ப் வைத்துச் சுவரோடு பிணையுங்கள். குழந்தைகள் அலமாரியில் ஏறுவார்கள், ஏறாத குழந்தையை நான் பார்த்ததில்லை.

முதல் தடவை சுவர் முழுக்கச் செய்ய வேண்டாம். ஒரே ஒரு பெட்டி செய்யுங்கள், செருப்பு ஸ்டாண்டாகவாவது உதவும்.

கேள்வி: நாமே செய்தால் உண்மையிலேயே பணம் மிச்சமா? என்ன கருவிகள் வாங்குவது?
*வாசகர், தானே*

பதில்: முதல் வேலையில் மிச்சம் இல்லை. கருவி, சேதாரம் இரண்டும் சேர்ந்து கூலியைத் தின்றுவிடும். மூன்றாவது வேலையிலிருந்து ஏதாவது மிஞ்சும். டைல்ஸ் வாங்கும்போது பத்து சதவீதம் கூடவே வாங்குங்கள், பெட்டிகளில் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்த மாதம் போனால் அதே நிறம் கிடைக்காது.

கருவிக்கு தென்மும்பை நாக்தேவி தெருவுக்குப் போங்கள், மின்சாமான் என்றால் லோஹார் சாலுக்கு. டிரில் சொந்தமாக இருக்கட்டும், நல்ல திருப்புளிகளும் டேப்பும் இருக்கட்டும். டைல் கட்டர், பிரேக்கர் எல்லாம் வாடகைக்கு. மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை மட்டும் இரவல் வாங்காதீர்கள். அதைக் கீழே போட்டவர் போட்டதாகச் சொல்ல மாட்டார். புதிதாக வாங்கும்போதும் கடை மேசையில் வைத்துக் குமிழ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், பிறகு அதே இடத்தில் தலைமாற்றி வைத்துப் பாருங்கள். குமிழ் இரண்டு தடவையும் அதே பக்கம் அதே அளவு நிற்க வேண்டும். மேசை கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும், மூன்று நான்கு எடுத்துப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.