கிறிஸ்தவர்களாகிய நாம் பிற மதத்தவருக்கு உதவும்போது, சுவிசேஷமும் (இயேசுவைப் பற்றிய நற்செய்தியும்) சொல்லியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. அதை நிபந்தனையாக்கினால் உதவியே கெட்டுவிடும். பைபிளில், லூக்கா 17-ல் இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்குகிறார். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன்தான். அவனும் யூதர்கள் ஒதுக்கி வைத்திருந்த சமாரியன். "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று இயேசு கேட்டார், அவ்வளவுதான். வராதவர்களின் சுகத்தை அவர் திரும்பப் பிடுங்கிக்கொண்டதாக வேதத்தில் இல்லை. அந்தப் பகுதியில் என்னை மிகவும் தொட்டது அதுதான்.

அதற்காக வாயே திறக்கக் கூடாது என்றில்லை. நம் வாழ்வையே மாற்றியவரைப் பற்றி, நேசிக்கிறவர்களிடம் எப்படிச் சொல்லாமல் இருப்பது? ஆனால் 1 பேதுரு 3:15-ஐக் கவனியுங்கள்: நம் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு, சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லச் சொல்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர் கையில் துண்டுப்பிரதியைத் திணிப்பது சாந்தம் ஆகாது. அவரால் எழுந்து போகக்கூட முடியாதே. முதலில் தண்ணீர் கொடுங்கள், வீட்டாருக்குப் போன் போட்டுக் கொடுங்கள். "எனக்காக ஏன் இவ்வளவு செய்கிறீர்கள்?" என்று அவரே கேட்டால், தயங்காமல் இயேசுவைப் பற்றிச் சொல்லுங்கள். கேட்கவில்லையா? நாளைக்கும் போய்ப் பாருங்கள்.