ஹிட்லர் காலப் படுகொலையை மறுத்துப் பேசினால் ஜெர்மனியில் ஜெயிலாமே, இது கருத்துச் சுதந்திரமா?

நீங்களும் ஏதோ ஒரு வாட்ஸ்அப் வீடியோவில் மாட்டியவர் என்று நினைக்கிறேன். நான் மாட்டினேன்.

மியூனிக் வந்த புதிதில், கோயம்புத்தூர் மாமா குடும்ப குரூப்பில் ஒரு வீடியோ போட்டார். யூதர்கள் 60 லட்சம் பேர் கொல்லப்பட்டது கட்டுக்கதை, விஷவாயு அறையே கிடையாது என்று கோட்டு சூட்டோடு ஒருத்தர் பேசுவார். அதை அப்படியே ஸ்டேட்டஸில் வைத்தேன். நம்பி வைக்கவில்லை, சத்தியமாக. நம் ஊரில் ஹிட்லர் என்றால் கண்டிப்பான ஹெட்மாஸ்டர் மாதிரி ஒரு நினைப்பு, அவ்வளவுதான்.

பத்தே நிமிடத்தில் கூட வேலை பார்க்கும் ஜெர்மன் நண்பர் போன் செய்தார். "முதல்ல அதை எடு." குற்றவியல் சட்டம் 130-வது பிரிவு, பொதுவில் மறுத்தால் ஐந்து வருடம் வரை உள்ளே என்றார். வாய் பேசியதற்கு ஜெயிலா என்று அரை மணி நேரம் மல்லுக்கு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னை டாகாவ் கூட்டிப்போனார். 1933-லேயே ஹிட்லர் ஆட்சி திறந்த வதை முகாம். 2 லட்சம் பேருக்கு மேல் அடைத்து, குறைந்தது 41,500 பேர் செத்த இடம். பக்கத்திலேயே ஊர். அவர் தாத்தா அந்த ஊர்க்காரராம். "எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சாகிறவரைக்கும் சொன்னார். அவருக்காகத்தான் இந்தச் சட்டம்" என்றார். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

பொய் என்று நிரூபணமான தகவல் 'கருத்து' என்ற கணக்கில் வராது என்று 1994-ல் அங்குள்ள அரசியல் சாசன நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

உடனே சட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று கமெண்டில் பாயாதீர்கள். பிரிட்டனில் இப்படிச் சட்டம் இல்லை. அங்கே இந்தப் படுகொலையை மறுத்து எழுதிய டேவிட் இர்விங், தன்னை மறுப்பாளர் என்று எழுதிய அமெரிக்க வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மேல் தானாகப் போய் அவதூறு வழக்குப் போட்டார். லிப்ஸ்டாட் தரப்பில் அடிக்குறிப்பு அடிக்குறிப்பாக இர்விங்கின் புரட்டைப் பிரித்து மேய்ந்தார்கள். 2000-ல் இர்விங் தோற்றார். ஆஸ்திரியாவிலும் ஜெர்மனி மாதிரியே சட்டம் உண்டு; 2006-ல் வியன்னா கோர்ட் அவருக்கு மூன்று வருடம் கொடுத்தபோது, ஜெயில் வேண்டாம் என்றவர் அதே லிப்ஸ்டாட். எனக்கு லண்டன் வழிதான் பிடிக்கிறது. துருக்கியைப் பாருங்கள், அங்கே தலைகீழ்: முதல் உலகப் போர் காலத்தில் அங்கே ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டார்கள் என்று சொன்னதற்கு நாவலாசிரியர் ஓரான் பாமுக் மேல் 2005-ல் வழக்கு. எது நடந்தது என்று அரசாங்கம் தீர்மானித்தால் இந்த வம்பும் உண்டு. ஆனால் டாகாவ் தாத்தாவின் பேரனிடம் இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இவ்வளவு சட்டம் பேசும் ஊரில், தாளிப்பு வாசனை சுவரில் ஏறிவிட்டது என்று பழைய வீட்டுக்காரர் பிடித்துவைத்த என் அட்வான்ஸ் மூன்று வருடமாகத் திரும்பி வரவில்லை. அதற்கு எத்தனையாவது பிரிவு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.