ஒட்டு ரோஜா பட்டுப்போனால் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: தை மாதக் கடைசியில், ஊருக்கு வெளியே உள்ள ஒரு நர்சரியில் ஒன்று 250 ரூபாய் வீதம் ஆறு ஒட்டு ரோஜாச் செடிகள் வாங்கினேன். அப்போது எல்லாவற்றிலும் பூ இருந்தது. சித்திரை வெயிலில் இரண்டு காய்ந்துவிட்டன. மூன்றாவதில் ஆளுயரத்துக்கு ஒரு கிளை ஓடியிருக்கிறது, ஆனால் மொட்டே இல்லை. கடைக்காரரிடம் கேட்டால், உயிருள்ள பொருளுக்குத் தாம் பொறுப்பேற்க முடியாது என்கிறார். பில்லும் தரவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்க எனக்கு உரிமை உண்டா?
வாசகி, திருநகர், மதுரை

பதில்: மூன்று செடிகளுக்கும் நேர்ந்தது ஒன்றல்ல என்பதால், யார் பொறுப்பு என்பதையும் செடி செடியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஆளுயரம் வளர்ந்த செடியின் தூரில் மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். ஒட்டு ரோஜா என்பது உண்மையில் இரண்டு செடிகள். கீழே வேருக்காக வளர்த்த காட்டு ரகம், மேலே அதன் பட்டையைக் கீறி உள்ளே செருகிய நல்ல ரகத்தின் ஒரே ஒரு கண், அதாவது துளிர்விடும் முளை. அவை சேர்ந்த இடம் முழங்கை மடிப்பைப் போலச் சற்றே புடைத்திருக்கும். நெடுநெடுவென்று ஓடிய கிளை அந்தப் புடைப்புக்குக் கீழேயிருந்து கிளம்பியிருந்தால் அது காட்டுக் கிளை. இலை சிறுத்து, வெளிறி, மேலே உள்ள இலைகளோடு ஒவ்வாமல் தெரியும். இதைக் கத்தரியால் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். ஆகவே அது கிளம்பும் இடம்வரை மண்ணைத் தோண்டி, அடியோடு கீழ்நோக்கிப் பிய்த்தெடுத்துவிடுங்கள். மேல்பகுதி பச்சையாக இருந்தால் செடி மீண்டும் பூக்கும். எந்த ஒட்டுச் செடியிலும் இது நேரக்கூடியது என்பதால், இதற்காகக் கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது.

காய்ந்த இரண்டையும் பிடுங்கி வேரைப் பாருங்கள். ஆந்திராவின் கடியம் போன்ற இடங்களிலிருந்து லாரியில் வரும் செடிகளில் பல, பயணம் தாங்குவதற்காகக் களிமண் உருண்டையில் வேர் பொதிந்தே வருகின்றன. மதுரை வெயிலில் அந்த உருண்டை செங்கல்லாக இறுகிவிட்டால், நாம் ஊற்றும் தண்ணீர் அதன் ஓரமாக வழிந்தோடிவிடும். தொட்டி மண் ஈரமாக இருக்கும்போதே செடி தாகத்தில் சாகும். நான் வாங்கிய ஒரு செடி அப்படித்தான் போனது. பிடுங்கியபோது வேர், உருண்டையைவிட்டு ஓர் அங்குலம்கூட வெளியே வந்திருக்கவில்லை. நடுவதற்கு முன் உருண்டையை வாளித் தண்ணீரில் ஊறவைத்து மெல்லக் கரைத்திருக்க வேண்டும். அதை வாங்குபவரிடம் சொல்வது விற்பவரின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

இனி சட்டத்துக்கு வருவோம். உயிருள்ள பொருளுக்குப் பொறுப்பில்லை என்ற பேச்சு செல்லாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சரக்கு' என்பது அசையும் பொருள் அனைத்தையும் குறிக்கும். செடிக்கு விலக்கு இல்லை. குறையுள்ள விதையால் நஷ்டமடைந்த விவசாயிகள் நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று உச்ச நீதிமன்றமே 2012இல் தீர்ப்பளித்திருக்கிறது. பில் தராமல் இருப்பதும், பில்லில் கெடு குறிக்காதபோது குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைகள் என்று அச்சட்டம் சொல்கிறது. ஆனால் நீங்கள் அந்த 30 நாட்களைக் கடந்துவிட்டீர்கள். செடி விற்கும்போதே குறையுடன் இருந்தது என்று மூன்று மாதம் கழித்து மெய்ப்பிப்பதும் கடினம். சிவப்பு என்று சொல்லி வெளிர் ரோஜா நிறத்தைக் கொடுத்திருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருந்திருக்கும். இப்போதைக்கு, பில் தராததைக் குறிப்பிட்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள்; கைபேசி வழியாகப் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவே வாங்கியதற்குச் சான்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஆனாலும் 750 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் அலைய நான் சொல்லமாட்டேன்.

அடுத்த முறை ஐப்பசி மழைக்குப் பிறகு வாங்குங்கள். ஒரு பூ இருந்தால் போதும், நிறம் தெரிந்துவிடும். செடி நிறையப் பூ இருப்பது அதன் நலத்துக்குச் சான்றாகாது. குனிந்து தூரைப் பாருங்கள்: ஒட்டுக்கு மேலே இரண்டு மூன்று பச்சைத் தண்டுகள் இருக்க வேண்டும், ஒட்டைச் சுற்றிய நாடா தண்டை இறுக்கியிருக்கக் கூடாது. நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே தெரியட்டும். மணமே முக்கியம் என்றால் பன்னீர் ரோஜாவைக் குச்சி நட்டே வளர்க்கலாம்; அது சொந்த வேரில் நிற்பதால் காட்டுக் கிளைத் தொல்லை இல்லை.

மிச்சமுள்ள மூன்று செடிகளின் தூரையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். களிமண் உருண்டை இருந்தாலும் இந்த வெயிலில் பிடுங்கி மாற்ற வேண்டாம். உச்சி வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை நகர்த்தி, தண்டை ஒட்டியே மெதுவாகத் தண்ணீர் ஊற்றி வாருங்கள்.