வீட்டுக்காரர் பிரெஞ்சு சிட்டிசன், நான் இந்தியன்: பாண்டியிலருந்து பிரான்ஸ் போக எனக்கும் புள்ளைங்களுக்கும் என்ன வழி?

கேட்டிருக்கிற தங்கச்சியோட நெலம இதுதான். வீட்டுக்காரருக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி, இவங்க இந்தியன், கல்யாணம் பாண்டியில ஆகி அஞ்சு வருஷம், நாலு வயசுல பொண்ணு, ஒன்றரை வயசுல பையன். அடுத்த வருஷம் குடும்பத்தோட கெளம்பணும், எந்த விசா போடணும், புள்ளைங்களுக்கு தனியா போடணுமான்னு கேக்குறாங்க.

விசாவ கடைசியா வைங்கம்மா. இத நான் சும்மா சொல்லல, விசாவ மொதல்ல வச்சி ஒன்றரை வருஷம் தொலைச்சவ சொல்றேன். மொதல்ல உங்க கல்யாணம் பிரெஞ்சு பதிவேட்டுல ஏறியிருக்கா, புள்ளைங்க பொறப்பு ஏறியிருக்கா, இந்த ரெண்டத்தான் பாக்கணும். அது ரெண்டும் சரியா இருந்தா உங்க விசா ரொம்ப சுலபம், புள்ளைங்களுக்கு விசாவே தேவையில்ல.

நான் கடலூர் மஞ்சக்குப்பம். கல்யாணமாகி லாஸ்பேட்டைக்கு வந்தேன், 2016ல. முள்ளோடை தாண்டினா பாண்டி, அம்மா வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் நடுவுல ஒரு மணி நேர பஸ்தான், ஆனா பேப்பர் விஷயத்துல அது வேற ஊரு இல்ல வேற தேசம்னு கல்யாணத்துக்கு அப்புறம்தான் புரிஞ்சிது. என் மாமனாரோட அப்பா ஆப்ஷன் எடுத்தவர். தெரியாதவங்களுக்காக சொல்றேன், பாண்டி 1954 நவம்பர் 1ல இந்தியா கைக்கு வந்துச்சு, ஒப்பந்தம் 1956ல போட்டாங்க, அது சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அன்னிலருந்து ஆறு மாசத்துக்குள்ள நான் பிரெஞ்சுக்காரனாவே இருக்கேன்னு எழுதிக் குடுத்தவங்களோட வம்சம்தான் இங்க இருக்கிற பிரெஞ்சு நேஷனாலிட்டி குடும்பங்கள்ல நெறைய பேரு. அந்த பேப்பர் எங்க வீட்ல ஒரு பிஸ்கட் டின்ல இருக்கு, மடிச்ச மடிப்புலயே நாலா கிழிஞ்சி, மாமியார் செலோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாயி, சீல் மட்டும் இன்னும் ஊதாவா தெரியும். எங்க குடும்பத்துல பதினோரு பேரோட பாஸ்போர்ட் அந்த ஒத்த பேப்பர்ல நிக்குது. உங்க மாமனார் வீட்லயும் இப்படி ஒன்னு இருக்கும், அது எங்கன்னு கேட்டு பத்திரமா ஸ்கேன் எடுத்து வைங்க. அம்பது வருஷத்துக்கு மேல பரம்பரையா பிரான்சுக்கு வெளியிலயே இருந்து, உங்க வீட்டுக்காரரும் சரி அவரோட பெத்தவங்களும் சரி பிரெஞ்சுக்காரரா எந்தப் பதிவும் பாஸ்போர்ட்டும் எடுக்காம விட்டிருந்தா, அப்புறம் வம்சாவழிய காட்டி நேஷனாலிட்டி நிரூபிக்க விடமாட்டாங்க, அவங்க சிவில் சட்டத்துலயே அப்படி இருக்கு. உங்க வீட்டுக்காரர் கையில நடப்பு பாஸ்போர்ட் இருந்தா பயப்பட வேண்டாம்.

சரி கல்யாணத்துக்கு வரேன். பிரெஞ்சுக்காரர் ஒருத்தர் இங்க இந்திய சட்டப்படி கல்யாணம் பண்ணிக்கிறதுக்கு முன்னாடியே கான்சல் ஆபீஸ்ல சொல்லி, பத்து நாள் அறிவிப்பு ஒட்டி, கல்யாணத்துக்கு தடை இல்லன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கணும். எங்களுக்கு ஒரு ஏஜென்ட் அதெல்லாம் வேணாம், கல்யாணத்த பதிவு பண்ணிட்டு வாங்க நேரா விசா போட்டுடலாம்னு சொன்னாரு, பெரியவங்களும் நம்பிட்டாங்க, முப்பதாயிரம் வேற குடுத்தோம். அப்புறம் பாத்தா கல்யாணம் பிரெஞ்சு பதிவேட்டுல ஏறாம மனைவி விசாவுக்கு வழியே இல்ல. அந்த சர்டிபிகேட் இல்லாம பண்ண கல்யாணத்தையும் ஏத்துவாங்க, ஆனா அறிவிப்பு அப்புறமா ஒட்டணும், ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்கணும், அதுலயும் சந்தேகம் வந்தா ஃபைல் பிரான்ஸ்ல நாந்த் நகரத்துல இருக்கிற அரசு வக்கீலுக்கு போயிடும், அவருக்கு முடிவு சொல்ல ஆறு மாசம் டைம் இருக்கு. எங்களோடது போச்சு. அந்த ஆறு மாசமும் நான் வயித்துல புள்ளையோட கடலூர்ல இருந்தேன், வீட்டுக்காரர் அங்க வேலைக்கு போயிட்டாரு, தலைப்பிரசவத்துக்கு அவரால வரமுடியல.

விசாரிப்புன்னா என்ன கேப்பாங்கன்னு எல்லாரும் பயப்படுறாங்க. தனித்தனியா உக்கார வச்சி மொதல்ல எங்க பாத்தீங்க, யார் பேசி முடிச்சாங்க, மாமியார் பேர் என்ன, அவர் என்ன வேலை பாக்குறாரு, கல்யாணத்துக்கு எத்தன பேர் வந்தாங்கன்னுதான். என்கிட்ட அவருக்கு காலையில என்ன பலகாரம் புடிக்கும்னு கேட்டாங்க, நான் இட்லின்னேன், அவர் பூரின்னு சொல்லியிருக்காரு, ரெண்டு நாள் தூங்கல அதுக்கு. அதனால ஒன்னும் ஆகல. நம்ம ஊர்ல நேஷனாலிட்டி மாப்பிள்ளைன்னா நகை நட்டு வீடுன்னு பேரம் பேசுற பழக்கம் இருக்கிறது அவங்களுக்கும் தெரியும், அதனாலதான் இந்த கேள்வி, உண்மைய சொன்னா போதும். நிச்சயதார்த்த போட்டோ, அவர் அனுப்பின பணம், வாட்ஸாப் பேச்சு இதெல்லாம் தேதி வாரியா எடுத்து வைங்க.

பேர் விஷயம் தனியா சொல்லணும், ஏன்னா ஃபைல் அதிகம் நிக்கிறது இங்கதான். நமக்கு இனிஷியல், அவங்களுக்கு குடும்பப் பேர். பாண்டியில 1881லயே ஒரு ஆணை போட்டு, சாதி மத வழக்குச் சட்டத்த விட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு வந்தவங்க குடும்பப் பேர் ஒன்னு வச்சிக்கணும்னு ஆக்கினாங்க, அதனாலதான் பழைய நேஷனாலிட்டி குடும்பங்கள்ல அப்பா, புள்ள, பேரன் எல்லாருக்கும் ஒரே பேர் பின்னாடி வருது. கடலூர்ல பொறந்த எனக்கு ஏது அது. அதவிட மோசம் என் பர்த் சர்டிபிகேட்ல பேரே கிடையாது, குழந்தையின் பெயர்ங்கிற எடத்துல ஒரு கோடு, பாலினம் பெண், அவ்ளோதான். தமிழ்நாட்டுல பழைய சர்டிபிகேட் நெறைய இப்படித்தான் இருக்கும். பதிவுலருந்து 15 வருஷத்துக்குள்ள பேர் சேர்க்கணும்னு விதி, பழசுக்கு இடையில அவகாசம் நீட்டிச்சி குடுத்தாங்க, அந்த நேரத்துலதான் எனக்கு சேர்த்தோம். பத்தாங்கிளாஸ் மார்க்ஷீட், ஆதார், பாஸ்போர்ட், கல்யாண சர்டிபிகேட் நாலுலயும் உங்க பேர், உங்க அப்பா பேர் எழுத்துக்கு எழுத்து ஒன்னா இருக்கான்னு பாருங்க. புள்ளைங்க சர்டிபிகேட்ல அம்மா பேர் எப்படி இருக்குன்னும் பாருங்க. மாத்தணும்னா இங்க இருக்கும்போதே மாத்துங்க, அங்கருந்து மாத்துறது கொடுமை.

இப்ப உங்க விசா. பிரெஞ்சுக்காரரோட மனைவின்னு நீண்ட கால விசா, ஆன்லைன்ல ஃபார்ம் போட்டு, அப்பாயின்ட்மென்ட் வாங்கி, பதிவேட்டுல ஏறின கல்யாண சர்டிபிகேட்டோட போகணும். இந்த விசாவுக்கு அரசாங்க ஃபீஸ் கிடையாது, யாராவது விசா ஃபீஸ்னு பெருசா கேட்டா எழுந்து வந்துடுங்க. உங்க வீட்டுக்காரர் இவ்ளோ சம்பளம் வாங்கணும்னு கட்டாயமும் கிடையாது. பிரிட்டிஷ் சிட்டிசன கட்டினவங்களுக்கு 2024 ஏப்ரல்லருந்து வருஷத்துக்கு 29,000 பவுண்ட் வருமானம் காட்டணும், அந்த மாதிரி சுமை இங்க இல்ல. மோசடி, கல்யாணம் ரத்து, பொது ஒழுங்குக்கு ஆபத்து, இந்த மூணு காரணத்துக்குதான் மறுக்க முடியும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. மறுத்துட்டாங்கன்னா 30 நாளுக்குள்ள நாந்த்ல இருக்கிற முறையீட்டு கமிஷனுக்கு எழுதணும், நாள் தவறவிடாதீங்க. டூரிஸ்ட் விசாவுல போயிட்டு அங்க பாத்துக்கலாம்னு சொந்தக்காரங்க சொல்வாங்க, கேக்காதீங்க.

போன மூணு மாசத்துக்குள்ள விசாவ ஆன்லைன்ல வேலிடேட் பண்ணணும், அது முடிஞ்சா அதுதான் உங்க மொதல் வருஷ கார்டு, வேலைக்கும் போகலாம். அப்புறம் குடியேற்ற ஆபீஸ்ல கூப்பிட்டு ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கி நாலு நாள் கிளாஸ், கூட பிரெஞ்சு பாடம். அடுத்தது ரெண்டு வருஷ கார்டு, அதுக்கப்புறம் பத்து வருஷ கார்டு கேக்கலாம். 2024ல வந்த சட்டப்படி 2026 ஜனவரி 1லருந்து பல வருஷ கார்டுக்கு ஏ2, பத்து வருஷ கார்டுக்கு பி1, சிட்டிசன்ஷிப்புக்கு பி2ன்னு மொழி அளவு ஏத்திட்டாங்க. அதனால இப்பவே அல்லியான்ஸ் பிரான்சேஸ்ல சேருங்க, பாண்டியில இருந்துகிட்டு பிரெஞ்சு கத்துக்காம போனா வருத்தம்தான். நான் சேராம போனேன், ஏழு மாசம் ஒரு மருந்துக்கடைக்கு கூட தனியா போகல.

புள்ளைங்க விஷயத்துல நிதானமா யோசிங்க, எனக்கு இதுதான் முக்கியம். பெத்தவங்கள்ல ஒருத்தர் பிரெஞ்சுன்னா பொறந்த நிமிஷமே புள்ளை பிரெஞ்சு, அவங்க சிவில் சட்டம் 18வது பிரிவு. எங்க பொறந்தாலும் சரி. பாண்டியில பொறந்த பொறப்ப கான்சல் ஆபீஸ் மூலமா பதிவேட்டுல ஏத்திட்டு பாஸ்போர்ட் எடுத்தா போதும், உள்ள போக விசா வேணாம். ஆனா நம்ம நாட்டுல ரெட்டைக் குடியுரிமை கிடையாது. பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுத்துட்டு இந்திய பாஸ்போர்ட்டையும் வச்சிக்கிட்டா குற்றம். தெரிஞ்ச ஒரு குடும்பம் இதுல போயி சென்னை ஏர்போர்ட்ல புள்ளையோட நின்னுட்டு, டிக்கெட் போயி திரும்பி வந்தாங்க. பிரெஞ்சு பாஸ்போர்ட் மட்டும் இருந்தாலும், அதுல இந்திய விசா இல்லாம வெளிய விடமாட்டாங்க, எஃப்ஆர்ஆர்ஓன்னு சொல்ற வெளிநாட்டவர் பதிவு ஆபீஸ் கிட்ட வெளியேற அனுமதி வாங்கணும், இல்லன்னா ஓசிஐ கார்டு, அதாவது இந்திய வம்சாவளி வெளிநாட்டு சிட்டிசனுக்கு நம்ம அரசாங்கம் குடுக்கிற கார்டு, எடுத்துட்டு போகணும். நீங்க இந்தியனா இருக்கிறதால புள்ளைங்களுக்கு ஓசிஐ கிடைக்கும். 1947 ஆகஸ்ட் 15க்கு அப்புறம் இந்தியாவுல சேர்ந்த பகுதிய சேர்ந்தவங்க, அவங்க புள்ள, பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் ஓசிஐ உண்டுன்னு சட்டத்துலயே இருக்கு, நம்ம பாண்டிக்காரங்களுக்கு அளந்து எழுதின மாதிரி. வீட்டுக்காரருக்கு இன்னும் இல்லன்னா அவருக்கும் எடுங்க.

ஆனா ஓசிஐ குடியுரிமை ஆகாது. ஓட்டு இல்ல, விவசாய நிலம் வாங்க முடியாது, 2021 மார்ச் 4ல வந்த அறிவிப்புப்படி நீட் மாதிரி பரிட்சையில இந்தியருக்குன்னு இருக்கிற சீட்டுக்கு வரமுடியாது, என்ஆர்ஐ சீட்டுதான். நாளைக்கு பொண்ணு திரும்பி வந்து ஜிப்மர்ல படிக்கணும்னு ஆசப்பட்டா இது இடிக்கும். நானும் அவரும் இத வச்சி மூணு ராத்திரி பேசினோம், எங்க அப்பாவுக்கு பேரன் இந்தியன் இல்லன்னு ரொம்ப வருத்தம். கடைசியில பையனுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் ஓசிஐயும் எடுத்தோம், இந்திய பாஸ்போர்ட் எடுக்கவே இல்ல. எங்களுக்கு அது சரியா இருந்துச்சு, நீங்க உங்க வீட்ல பேசி முடிவு பண்ணுங்க. உங்களுக்கு சிட்டிசன்ஷிப் அவசரமே இல்ல, கல்யாணமாகி நாலு வருஷம் ஆனா கேக்கலாம், அங்க தொடர்ந்து மூணு வருஷம் வாழலன்னா அஞ்சு வருஷம் ஆகலாம், நான் இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான் வச்சிருக்கேன்.

வீட்டுக்காரருக்கு வேலை பிரான்ஸ்ல இல்லாம ஜெர்மனியிலயோ அயர்லாந்துலயோ கெடைச்சா விஷயமே வேற. என் கொழுந்தனார் டப்ளின் போனாரு. பிரெஞ்சுக்காரர் வேற ஐரோப்பிய யூனியன் நாட்டுல வேலை பாத்தா 2004ல வந்த சுதந்திர நடமாட்ட விதி பொருந்தும், மனைவியும் 21 வயசுக்கு கீழ இருக்கிற புள்ளைங்களும், மனைவியோட முந்தின கல்யாணத்துப் புள்ளையும் சேர்த்துதான், இலவச விசா, ஆறு மாசத்துக்குள்ள அஞ்சு வருஷ கார்டு, வேலை உரிமை. அங்க மொழிப் பரிட்சை கேக்குறதில்ல. முன்னாடி பாண்டிக்காரங்க இதே வழியில லண்டன் போனாங்க, 2020 டிசம்பர் 31ஓட அந்தக் கதவு சாத்தியாச்சு.

இன்னொன்னு, பெரியவங்க முன்னாடி யாரும் பேசமாட்டாங்க, ஆனா எழுதாம இருக்க முடியல. மொதல் சில வருஷம் உங்க கார்டு அவரோட சேர்ந்து வாழுறதுல நிக்குது. இதையே சொல்லி மெரட்டி அடி வாங்கிட்டு இருந்த ரெண்டு பொண்ணுங்கள எனக்கு அங்க தெரியும், ரெண்டும் நம்ம பக்கத்துப் பொண்ணுங்கதான். வீட்டு வன்முறையால பிரிஞ்சா அந்தப் பிரிவ காரணமா காட்டி கார்ட புடுங்க முடியாதுன்னு பிரெஞ்சு சட்டத்துல தெளிவா இருக்கு. 3919னு இலவச நம்பர் இருக்கு, பெண்களுக்கானது. உங்களுக்கு தேவைப்படக்கூடாது, ஆனா போன்ல போட்டு வைங்க. உங்க பாஸ்போர்ட், புள்ளைங்க பதிவு எல்லாத்தோட ஒரிஜினலும் உங்க கைப்பையில இருக்கட்டும், மாமியார் பீரோவுல இல்ல.

நான் பள்ளிக்கூட லீவுக்கு பாண்டி வந்திருக்கேன், ஆகஸ்ட் கடைசி வரைக்கும் இருப்பேன். புள்ளைங்க சர்டிபிகேட்ட எடுத்து பேர் இருக்கான்னு மொதல்ல பாத்துட்டு, கல்யாணம் பதிவேட்டுல ஏறியிருக்கா இல்லையான்னு மட்டும் எழுதுங்க, அடுத்து என்ன பேப்பர்னு அத வச்சி சொல்றேன்.