டைனோசர் கர்ஜித்ததா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ்வழி வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பெரிய டைனோசர்கள் சினிமாவில் வருவதுபோலக் கர்ஜித்திருக்க வாய்ப்புக் குறைவு என்று நீங்கள் எழுதியிருந்ததை ஏழாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஒரு பையன் உடனே எழுந்துவிட்டான். “டீச்சர், கேட்டவர் யாருமே இல்லை. கர்ஜித்தது என்பதும் கற்பனை, கர்ஜிக்கவில்லை என்பதும் கற்பனைதானே?” என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இன்னொரு பக்கம் பெண்பிள்ளைகள், டைனோசர்கள் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டனவா, முட்டையிட்டுவிட்டுப் போய்விட்டனவா என்று கேட்டார்கள். அவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதினால் அப்படியே வாசித்துக் காட்டுவேன்.

ஓர் ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையனை அதட்டி உட்காரவைக்காமல் அவன் கேள்வியை எனக்கு அனுப்பினீர்களே, அதற்கு நன்றி. அவன் சொன்னதில் பாதி சரி. குரல் கல்லில் பதியாது. ஆனால் இரண்டும் கற்பனை என்பதை ஏற்க மாட்டேன். திரையில் கேட்கும் கர்ஜனை எங்கே பிறந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 1993இல் வந்த ஹாலிவுட் படத்தின் டைரனோசருக்காகக் குட்டியானை, புலி, முதலை ஆகியவற்றின் குரல்களைக் கலந்து ஒலிக்கூடத்தில் செய்தார்கள். நான் காட்டுவது எலும்புகளையும், இன்றும் உயிரோடிருக்கும் உறவினர்களையும். இரண்டும் ஒரே எடை அல்ல.

உறவினர்கள் என்றால் முதலையும் பறவையும். முதலைகள் டைனோசர்களுக்குப் பங்காளிகள்; பறவைகள் டைனோசர் வம்சத்திலேயே வந்தவை. இந்த இரண்டு கிளைகளுக்கும் பொதுவாக ஒரு பழக்கம் இருந்தால், இடையில் வாழ்ந்த டைனோசர்களுக்கும் அது இருந்திருக்கலாம் என்று எண்ண நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் அலிகேட்டர் முதலை துணையை அழைக்கும்போது வாயை மூடிக்கொண்டு, தொண்டையை உப்பவைத்து உறுமுகிறது. மனிதக் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த அதிர்வும் அதில் சேர்ந்திருக்கும். அந்த அதிர்வில் முதுகின் மேலுள்ள தண்ணீர் துளித்துளியாக எழும்பிக் குதிக்கும்.

இனி பள்ளிக்கூடத்துத் தென்னை மரத்தடிக்கு வாருங்கள். புறா குனுகும்போது அதன் அலகைப் பார்க்கச் சொல்லுங்கள். அலகு மூடியே இருக்கும், கழுத்து மட்டும் புடைத்துப் புடைத்து அடங்கும். நெருப்புக்கோழியும், காசோவரி என்ற பறக்காத பெரிய பறவையும் இப்படித்தான் குரல் கொடுக்கின்றன. 2016இல் டோபியாஸ் ரீடே என்ற ஆய்வாளரின் குழுவினர் நூற்றுக்கணக்கான பறவை இனங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வாய்மூடி ஒலியெழுப்பும் பழக்கம் பறவைகளில் பலமுறை தனித்தனியே தோன்றியிருக்கிறது; புறா அளவோ அதற்கு மேலோ உடல் உள்ளவற்றில்தான் அது காணப்படுகிறது. அப்படியென்றால் பேருடல் கொண்ட சில டைனோசர்களாவது வாயைத் திறக்காமல், நெஞ்சை அதிரவைக்கும் தாழ்ந்த குரலில் பேசியிருக்கலாம்.

உங்கள் பையன் கெட்டிக்காரன். “அப்படியானால் மயில்?” என்று கேட்பான். உங்கள் ஊரில் மயிலுக்குப் பஞ்சமே இல்லை. அது பெரிய பறவைதான், அலகைத் திறந்துதான் அகவுகிறது. நல்ல எதிர்வாதம். அதனால்தான் நான் ‘வாய்ப்புக் குறைவு’ என்று எழுதினேன், ‘இல்லவே இல்லை’ என்று எழுதவில்லை.

ஒரு டைனோசர் விஷயத்தில் இன்னும் துணிந்து பேசலாம். பாராசாரோலோபஸ் என்ற தாவர உண்ணியின் தலைக்குப் பின்னால் நீண்ட எலும்புக் கொண்டை உண்டு, உள்ளே குழல்கள். மூக்கிலிருந்து கிளம்பிய மூச்சு, கொண்டையின் நுனிவரை போய், வளைந்து திரும்பி, அதன் பிறகே தொண்டைக்கு இறங்கும். நெம்மாறா வேலா திருவிழாவுக்குப் போன பிள்ளைகள் பஞ்சவாத்தியத்தில் கொம்பு ஊதக் கேட்டிருப்பார்கள்; குழல் நீளமானால் நாதம் தாழும் என்ற அதே கணக்குதான் இங்கேயும். 1995இல் நியூ மெக்சிகோவில் கிடைத்த ஒரு மண்டையோட்டை சி.டி. ஸ்கேன் செய்து, சாண்டியா தேசிய ஆய்வகத்தின் கணினியில் 1997இல் அந்தக் குழல்களை ஒலிக்கவைத்தார்கள். கிடைத்தது கர்ஜனை அல்ல, ஆழமான, நீண்ட முழக்கம். குரல்வளையின் மென்பகுதிகள் அழிந்துவிட்டதால் அங்கே மட்டும் ஊகம் கலந்திருக்கிறது. குழல் எலும்பில் இருக்கிறது, அது ஊகம் அல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இதே இனத்துக் குட்டி ஒன்றின் எலும்புக்கூடு 2009இல் கிடைத்தது. ஒரு வயதுகூட நிரம்பாதது, கொண்டை வெறும் மேடாக இருந்தது. ஆகவே குட்டியின் குரல் பெரியதின் குரலைவிட மேலே நின்றிருக்கும். அந்த எலும்பை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு பள்ளி மாணவர் என்பதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள்.

குரல்வளையும் அபூர்வமாகக் கிடைத்திருக்கிறது. மங்கோலியாவின் கவச டைனோசரான பினாகோசாரஸின் குரல்வளை எலும்புகளை 2023இல் விவரித்தார்கள். பறவைகளைப் போல ஒலியை மாற்றியமைக்கும் திறன் அதற்கு இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பறவைகள் பாடும் உறுப்பான சிரிங்ஸின் மிகப் பழைய புதைபடிவம் அண்டார்க்டிகாவில் கிடைத்தது, அதுவும் ஒரு பறவையுடையது. பறவையல்லாத டைனோசர் எதிலும் சிரிங்ஸ் கிடைக்கவில்லை. ஆகவே அவை குயில்போலப் பாடின என்று யாராவது படம் எடுத்தால் அதையும் நம்ப வேண்டாம்.

பெண்பிள்ளைகளின் கேள்விக்கு இனத்துக்கு இனம் விடை மாறுகிறது. 1923இல் மங்கோலியாவில் முட்டைக் கூட்டின் மேல் ஓவிராப்டர் என்ற டைனோசரின் எலும்புக்கூடு கிடைத்தது. முட்டை திருட வந்தது என்று அதன் மீது பழி போட்டார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து அதே வகை முட்டைக்குள் ஓவிராப்டர் இனத்துக் கரு கிடைத்தது. திருடவில்லை, அது அடைகாத்த உயிர். இப்படி ஒரு பழி துடைக்கப்பட்டதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். ஆனால் மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கிடைத்தன. 2023இல் வெளியான அந்த ஆய்வைப் பாருங்கள். நீண்ட கழுத்துள்ள டைட்டனோசர்களுடையவை. கூடுகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. அவ்வளவு பெரிய தாய் நடுவில் வந்து நின்றால் முட்டைகள் நொறுங்கிவிடும். இட்டு மூடிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

முதலைக் குஞ்சு முட்டைக்குள்ளிருந்தே கூப்பிடும். தாய் கேட்டு மண்ணைத் தோண்டும். பொரியும் தறுவாயில் கோழிக்குஞ்சும் ஓட்டுக்குள்ளேயே கீச்சிடும், அதை உங்கள் மாணவிகளே வீட்டில் கேட்டிருப்பார்கள். இரண்டு கிளையிலும் இருக்கும் பழக்கம் இது. டைனோசர்களின் எல்லாக் குரல்களிலும் எதன் மீது அதிக நம்பிக்கை என்று அந்தப் பையன் கேட்டால், இந்த முட்டைக்குள் எழும் கூப்பாட்டின் மீதுதான் என்று சொல்வேன். ஹைதராபாத் சுற்றுலா அமைந்தால் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வகுப்பை அழைத்துப் போங்கள். கோதாவரிப் படுகையில் எடுத்த கோட்டாசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு அங்கே நிற்கிறது. அவன் அதன் எதிரே நின்று கேட்கும் அடுத்த கேள்வியையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.